மேகத்தில் முகம் தெரிவது ஏன்? பாரிடோலியா பற்றி ஓர் எளிய விளக்கம்

சுவரில் ஈரம் ஊறிக் காய்ந்த இடத்தில் தாடி வைத்த ஒரு முகம் தெரிகிறது. யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு அது அற்புதம். ஏதோ ஒரு சக்தி நமக்குச் செய்தி சொல்கிறது. இன்னொரு கட்சிக்கு, அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் மூடநம்பிக்கைக்காரர்கள், அல்லது மனம் பேதலித்தவர்கள். இடையில் மூன்றாவதாகச் சிலர் வந்து, "உங்களுக்கு முதலில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் குணம்" என்று சோதிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த மூன்றில் எதுவும் சரியில்லை. இருந்தும் இந்த விஷயம் பேச்சுக்கு வரும்போதெல்லாம் இவைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அதனால்தான் அடிப்படையிலிருந்து ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கலைச்சொல் வரும் இடத்தில் ஒருமுறை பொருள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

பொருளில்லாத வடிவத்திலோ ஓசையிலோ பொருளுள்ள ஒன்று தெரிவதற்குப் பாரிடோலியா என்று பெயர். மேகத்தில் யானை, கதவு மரத்தின் முடிச்சில் கண், காரின் முன்பக்கத்தில் முறைக்கும் முகம் எல்லாம் இதில் அடங்கும்.

இதைப் பிரமையோடு சேர்த்துக் குழப்புவதுதான் அதிகம் நடக்கிறது. பிரமை என்பது வெளியே எதுவுமே இல்லாதபோது ஒன்று தெரிவது. வெறும் காற்றில் ஆள் நிற்பதுபோல் தெரிந்தால் அது பிரமை. பாரிடோலியாவில் வெளியே ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது. கறை இருக்கிறது, மேகம் இருக்கிறது. கறையின் வடிவத்தை மூளை இன்னொன்றாகப் படிக்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவருக்கும் பெரும்பாலும் அது கறைதான் என்று தெரியும். தெரிந்தும் முகம் மறையாது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சொல்லும் உண்டு: அபோஃபீனியா. தொடர்பில்லாத நிகழ்வுகளுக்கு இடையே தொடர்பு இருப்பதாக உணர்வது. ஜெர்மன் மனநல மருத்துவர் கிளாஸ் கொன்ராட் 1958-இல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். மனச்சிதைவு நோய் தொடங்கும் கட்டத்தில் நோயாளிக்குச் சுற்றி நடப்பதெல்லாம் தன்னைக் குறித்தே நடப்பதாகத் தோன்றுவதை அவர் அப்படி அழைத்தார். இன்று அந்தச் சொல் நோயைத் தாண்டிப் பொதுவாகவும் வழங்குகிறது. பாரிடோலியாவை அதன் ஒரு கிளை என்று சொல்வார்கள். ஆனால் அபோஃபீனியா நம்பிக்கை சார்ந்தது, பாரிடோலியா காண்பதும் கேட்பதும் சார்ந்தது. இந்த வேறுபாடு விட்டுப்போனதால்தான் மேகத்தில் முகம் பார்ப்பதையே நோய் என்று சொல்லும் பேச்சு பிறந்தது.

கண் அனுப்புவது அரைகுறைச் செய்தி

பார்ப்பது என்றால் கண் படம் பிடிக்கிறது, மூளை அந்தப் படத்தைப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். நடப்பது வேறு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கும் மேல் இருக்கின்றன. அவை சேகரிப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பில் இருப்பதோ ஏறத்தாழ 10 லட்சம் இழைகள். ஆகவே செய்தி கண்ணிலேயே சுருக்கப்பட்டுத்தான் கிளம்புகிறது. தெளிவாகத் தெரிவதும் பார்வையின் நடுவில் மிகச் சிறிய ஒரு வட்டம் மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அந்த நகத்தின் அளவுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். மீதியெல்லாம் மங்கல். அதோடு நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே கிடையாது. அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் மூளை அதை நிரப்பிவிடுகிறது.

அரைகுறைச் செய்தியிலிருந்து முழு உலகத்தை எழுப்ப வேண்டுமென்றால் ஊகிப்பதைத் தவிர வழியில்லை. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார்: பார்வை என்பது நாம் அறியாமலே நடக்கும் ஊகம்.

முக்கியமான ஒருவருக்காக வீட்டில் காத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் காது வாசலிலேயே இருக்கும். தெருவில் யாரோ நடந்துபோனாலும் 'வந்துவிட்டார்' என்று எழுவார். காற்றில் கதவு ஆடினாலும் எழுவார். ஓசை தெளிவாக இல்லை. ஆனால் எதை எதிர்பார்க்கிறோம் என்பது தெளிவாக இருக்கிறது. மங்கலான ஓசையும் தெளிவான எதிர்பார்ப்பும் சேர்ந்து 'காலடி' ஆகிவிடுகின்றன. இதில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வீணாக எழுந்துபோய்ப் பார்ப்பதில் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. உண்மையாகவே வந்தவர் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்தான் நட்டம். அதனால் சின்ன ஓசைக்கும் எழுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

மூளையின் பார்வை அமைப்பு ஓயாமல் இந்த நிலையில்தான் இருக்கிறது. அது வாசலில் எதிர்பார்த்துக் காத்திருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தை.

ஏன் முகம்?

பாரிடோலியாவில் யானை, குதிரை, வரைபடம் எல்லாம் வரும் என்றாலும் முகம்தான் அதிகம் வரும். காரணம் எளிமையானது. மனிதனுக்கு முகத்தைவிட முக்கியமான காட்சி வேறு இல்லை. எதிரில் வருவது யார், தெரிந்தவரா, கோபமாக இருக்கிறாரா, எங்கே பார்க்கிறார் என்று எல்லாவற்றையும் முகத்திலிருந்துதான் படிக்கிறோம்.

இந்த ஈர்ப்பு கற்றுக்கொண்டு வருவது மட்டுமில்லை. பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகளின் முன் முகம் போன்ற எளிய கோட்டுப்படத்தை மெல்ல நகர்த்தினால், அதே உறுப்புகளைக் கலைத்துப்போட்ட படத்தைவிட முகப்படத்தையே அவை அதிகத் தூரம் திரும்பிப் பின்தொடர்கின்றன. 1975-இல் வெளியான ஆய்வு அது. 1991-இல் வேறொரு குழு செய்து பார்த்தபோதும் புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் முகப்படத்தையே பின்தொடர்ந்தன. குழந்தைக்குத் தேவைப்படும் வடிவம் மிக எளியது: மேலே இரண்டு கரும்புள்ளி, கீழே ஒன்று.

பெரியவர்களுக்கும் அதே போதும். மின்சார பிளக் செருகும் சாக்கெட்டைப் பாருங்கள். துளைகளின் அமைப்பில் கண்ணும் வாயும் தெரியும். சில நாடுகளின் சாக்கெட் திகைத்து நிற்கும், சிலவற்றினது சிரிக்கும். இரண்டு புள்ளியும் ஒரு பிறை அடைப்புக்குறியும் போட்டால் சிரிப்பு என்று படிக்கிறோமே, அதுவும் இதே கதைதான். கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து நகைச்சுவைக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அதைப் படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும் என்றுகூட அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை சாய்த்துப் பார்த்தவர்களுக்குப் பிறகு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று குறியீடுகளில் உலகம் முழுவதும் முகம் பார்த்துப் பழகிவிட்டது.

மூளையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பொட்டு மடலின் அடிப்பக்கத்தில், காதுக்குப் பின்னால் கொஞ்சம் உள்வாங்கிய இடத்தில். பெயர் ஃபியூசிஃபார்ம் முகப்பகுதி. வீடு, கை, மற்ற பொருள்கள் இவற்றைவிட முகத்தைக் காட்டும்போது இங்கே செயல்பாடு கூடுகிறது என்று நான்சி கான்விஷரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997-இல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். முகத்தைப் பார்த்ததும் மூளையில் எழும் மின் சைகை ஒன்றும் உண்டு. பார்த்து ஏறத்தாழ 170 மில்லிவினாடியில், அதாவது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்குள் அது வந்துவிடும். முகம்போல் தோன்றும் பொருள்களைக் காட்டினாலும் இதே பகுதியில், ஏறத்தாழ இதே நேரத்தில், முகத்துக்கு வருவதை ஒத்த எதிர்வினை வருவதாக 2009-இல் வந்த ஆய்வு சொல்கிறது. 'இது சாக்கெட்தானே' என்று யோசித்து முடிப்பதற்கு வெகு முன்பே முகம் வந்துவிடுகிறது.

பிறகு என்ன ஆகிறது? 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வு அதைத் தொடர்ந்து பார்த்தது. தொடக்கத்தில் மூளையின் எதிர்வினை உண்மை முகத்துக்கு வருவதையே ஒத்திருக்கிறது. கால் வினாடிக்குள் அது மாறி, பொருளுக்கு வரும் எதிர்வினைக்கு நெருங்கிவிடுகிறது. மூளை தன் முதல் ஊகத்தைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்று எனக்குத் தோன்றும். திருத்தம் வந்த பிறகும் 'முகம் மாதிரி' என்ற உணர்வு மட்டும் தங்கிவிடுகிறது. கறை என்று தெரிந்தும் முகம் மறையாததற்கு இதுதான் காரணம்.

முகத்துக்கும் மற்ற பொருளுக்கும் மூளையில் தனித்தனி வழி உண்டு என்பதற்கு இன்னொரு சான்று, ஆய்வுலகில் சி.கே. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு நோயாளி. தலையில் அடிபட்டபின் அவருக்குப் பொருள்களை அடையாளம் காணும் திறன் போய்விட்டது. முகம் அறியும் திறன் மட்டும் அப்படியே நின்றது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் அர்ச்சிம்போல்டோ காய்கனிகளை அடுக்கியே மனித முகம் வரைந்தவர். அந்த ஓவியங்களைக் காட்டியபோது சி.கே.க்கு முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த முகம் காய்கனிகளால் ஆனது என்பது தெரியவில்லை!

மனிதர்கள் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். முகம்போல் தெரியும் பொருள்களின் படங்களை ரீசஸ் குரங்குகளுக்குக் காட்டி அவற்றின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். முகம் தோன்றாத சாதாரணப் பொருள்களைவிட அந்தப் படங்களையே அவை அதிக நேரம் பார்த்தன. அதிலும் 'கண்', 'வாய்' இருந்த இடங்களில் பார்வை நிலைத்தது. 2017-இல் வெளியான ஆய்வு. மொழியும் கதையும் நம்பிக்கையும் இல்லாத ஒரு விலங்கும் இதைச் செய்கிறது என்றால், மூடநம்பிக்கை என்ற விளக்கம் எடுபடாது.

இதுவரை பார்த்தது: கண் தருவது குறைச் செய்தி, மூளை ஊகித்து நிரப்புகிறது. முகம் என்றால் அந்த ஊகம் மிக விரைவாக, மிகக் குறைந்த தடயத்திலேயே பிறந்துவிடுகிறது. அறிவு பின்னால் வந்து திருத்துகிறது. ஆனால் தோற்றத்தை அழிப்பதில்லை.

கேமராவும் ஏமாறுகிறது

"எனக்கெல்லாம் அப்படித் தெரியாது, நான் பகுத்தறிவோடு பார்ப்பவன்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. கைப்பேசியின் கேமராவைத் திறந்து, முகம்போன்ற ஒரு பொருளுக்கு நேரே பிடியுங்கள். சில நேரம் அதைச் சுற்றி முகத்துக்குப் போடும் சிறு கட்டம் வந்து நிற்கும். கேமராவுக்குப் பக்தியும் இல்லை, பயமும் இல்லை. அது ஏன் ஏமாறுகிறது?

பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் 2001-இல் வெளியிட்ட முகம் கண்டறியும் முறை டிஜிட்டல் கேமராக்களில் நெடுங்காலம் பரவலாக இருந்தது. அதன் அடிப்படைக் கேள்விகள் மிக எளியவை. படத்தின் இந்தத் துண்டில் மேலே ஒரு கரும்பட்டையும் அதற்குக் கீழே வெளிர்பட்டையும் இருக்கிறதா? கண்பகுதி கன்னத்தைவிட இருண்டுதானே இருக்கும். இரண்டு கருமைக்கு நடுவில் வெளிச்சமான கோடு இருக்கிறதா? அது மூக்குத்தண்டு. இப்படிப் பல கேள்விகளை அடுக்கடுக்காகக் கேட்டு, எல்லாவற்றிலும் தேறிய துண்டை 'முகம்' என்று அறிவிக்கும். முகமே இல்லாத ஒரு பொருளில் ஒளியும் நிழலும் அதே ஒழுங்கில் விழுந்தால் அதுவும் தேறிவிடும்.

இங்கே இரண்டு சொற்களை அறிமுகப்படுத்த வேண்டும். இல்லாத முகத்தை இருப்பதாகச் சொல்வது பொய் எச்சரிக்கை. இருக்கும் முகத்தைக் காணாமல் விடுவது தவறவிடல். எவ்வளவு தடயம் கிடைத்தால் 'முகம்' என்று சொல்லலாம் என்ற வரம்பை உயர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும், தவறவிடல் கூடும். வரம்பைத் தாழ்த்தினால் தவறவிடல் குறையும், பொய் எச்சரிக்கை கூடும். கிடைக்கும் தடயம் அதே அளவில் மங்கலாக இருக்கும்வரை இரண்டையும் ஒருசேரக் குறைக்க முடியாது. முகம் கண்டறியும் எந்த அமைப்புக்கும், அது மூளையோ மென்பொருளோ, இந்தச் சிக்கல் உண்டு.

ஆகவே கேள்வி எந்தப் பக்கம் தவறுவது மேல் என்பதுதான். புதருக்குள் இரண்டு கண் தெரிகின்றன. அது இலை நிழல் என்றால், பயந்து விலகியதில் போவது ஒரு நிமிடம். அது உண்மையில் ஒரு விலங்கின் முகமாக இருந்து நாம் விலகாமல் நின்றால் போவது உயிர். காத்திருப்பவர் சின்ன ஓசைக்கும் எழுவதுபோல், நம் பார்வையும் பொய் எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்தே அமைந்திருக்கிறது என்பது பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அச்சம் கூடும்போது வரம்பு இன்னும் தாழ்ந்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னதை நான் கேலியாகவே எடுத்துக்கொள்வதில்லை. மிகக் கூர்மையாகக் கவனித்தவர்கள் சொன்ன சொல் அது. இருட்டில் தடயம் குறைகிறது, அரண்ட மனதில் வரம்பு தாழ்கிறது. இரண்டும் சேர்கிற இடம் அது.

சொன்னால் தெரியும்

மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் "அதோ பார், முதலை" என்று சொல்லும்வரை அது மேகம். சொன்ன மறுகணம் வாலும் பல்லும்கூடத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு முதலையைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

இந்த எதிர்பார்ப்பின் வலிமையை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. பங்கேற்றவர்களுக்குப் புள்ளிகள் இறைந்த படங்களைக் காட்டி, பாதிப் படங்களில் முகம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னார்கள். தொடக்கத்தில் உண்மையாகவே முகம் கலந்த படங்கள். போகப்போக வெறும் புள்ளிகள் மட்டும், முகம் துளியும் இல்லை. அந்த வெறும் புள்ளிப் படங்களிலும் 34 விழுக்காட்டில் முகம் தெரிந்ததாகச் சொன்னார்கள். எழுத்து ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவைத்தபோது 38 விழுக்காட்டில் எழுத்து தெரிந்தது. முகம் தெரிந்ததாகச் சொன்ன நேரங்களில் வலப்பக்க ஃபியூசிஃபார்ம் முகப்பகுதியின் செயல்பாடும் கூடியிருந்தது. ஆக, அவர்கள் சும்மா சொல்லவில்லை. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு அந்த ஆண்டு இதற்குக் கிடைத்தது.

ஒரு படத்தைப் பகிரும்போது "இதில் உள்ள உருவத்தைப் பாருங்கள்" என்று தலைப்புப் போடுகிறோமே, அந்த ஒரு வரி செய்யும் வேலை சாதாரணமானதில்லை. சிவப்பு வட்டம் வேறு போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

செவ்வாயின் முகம்

பாரிடோலியாவின் எல்லாக் கூறுகளும் ஒரே இடத்தில் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமானால் செவ்வாய்க் கோளுக்குத்தான் போக வேண்டும்.

1976 ஜூலை 25. வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயைச் சுற்றியபடி, பின்னால் வரும் வைக்கிங் 2 இறங்குவதற்கு இடம் தேடிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. வடபாதியில் சிடோனியா என்ற பகுதியின் படத்தில் ஒரு முகம். கண்குழி, மூக்கு, உதடு, தலையைச் சுற்றி முக்காடுபோல் ஒரு விளிம்பு. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நாசா சில நாள்களில் அந்தப் படத்தை வெளியிட்டது. மனிதத் தலையை ஒத்த பாறை அமைப்பு, நிழல்களால் கண்ணும் மூக்கும் வாயும் இருப்பதுபோல் தோன்றுகிறது என்று குறிப்பிலேயே சொல்லியிருந்தது. அது வேற்றுக்கோள்வாசிகள் கட்டியது, நாசா அதை மறைத்தது என்று பின்னால் எழுந்த குற்றச்சாட்டு எவ்வளவு வீணானது என்பதற்கு அந்தக் குறிப்பே போதும்.

படத்தை நெருங்கிப் பார்ப்போம். சூரியன் அடிவானத்துக்கு அருகில் தாழ்வாக இருந்தது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் முழுக்க நிழல். நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று படத்தில் எதுவுமில்லை. இடப்பக்கத்தைப் போலவே வலப்பக்கமும் இருக்கும் என்று நிரப்பிக்கொண்டது பார்த்தவர்களின் மூளை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 40 மீட்டருக்கும் கூடுதலான அகலத்தைக் குறித்தது. அதாவது ஒரு பெரிய கட்டடமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். இன்னொன்று: படம் முழுக்கச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இறைந்திருக்கும். அவை செவ்வாயில் இல்லை. செய்தி பூமிக்கு வரும் வழியில் தரவு விடுபட்ட இடங்கள். அப்படி ஒரு புள்ளி சரியாக மூக்கின் கீழே விழுந்து மூக்குத்துளை ஆகிவிட்டது!

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மேடு கட்டுரைகளிலும் தொலைக்காட்சியிலும் வாழ்ந்தது. 1998 ஏப்ரல் 5 அன்று மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் அதே இடத்தைப் பத்து மடங்கு கூர்மையாகப் படம் எடுத்தது. முகம் இல்லை. மெல்லிய மேகம் மறைத்துவிட்டது என்றார்கள் முகத்தை நம்பியவர்கள். 2001 ஏப்ரல் 8 அன்று மேகமில்லாத நாளில், ஒரு புள்ளிக்கு 1.56 மீட்டர் என்ற துல்லியத்தில் மீண்டும் எடுத்தார்கள். மேற்புறம் தட்டையாகி, பக்கங்கள் சரிந்து தேய்ந்த சாதாரணக் குன்று தெரிந்தது.

துல்லியம் கூடக்கூட முகம் கரைந்தது என்பதைக் கவனியுங்கள். உண்மையான முகம் என்றால் நேர்மாறாக நடக்கும். கிட்டப் போகப்போக இமையும் சுருக்கமும் தெரியும். மங்கல்தான் பாரிடோலியாவுக்கு உரம். பேய் படங்களும் பறக்கும்தட்டுப் படங்களும் எப்போதும் கலங்கலாகவே இருப்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

நாம் எண்ணாமல் விட்டவை

"தற்செயலாக இவ்வளவு பொருத்தமாக அமையுமா?" என்பது அடுத்து வரும் கேள்வி. நியாயமான கேள்விதான், பதிலையும் நியாயமாகவே சொல்ல வேண்டும்.

செவ்வாயின் பரப்பு ஏறத்தாழ 14.4 கோடி சதுர கிலோமீட்டர். அதில் குன்றும் பள்ளமுமாக எத்தனை எத்தனை வடிவங்கள். எதையும் ஒத்திராத குன்றை யாரும் படம் போட்டுப் பகிர்வதில்லை. தேர்ந்தெடுத்து நம் கைக்கு வருவது பொருந்திய அந்த ஒன்று மட்டும். அதோடு எதை ஒத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டி யாரும் சொல்லவும் இல்லை. முகமாக இருந்தாலும் சரி, கழுகாக இருந்தாலும் சரி, ஒரு நாட்டின் வரைபடமாக இருந்தாலும் சரி, எல்லாமே வியப்புக் கணக்கில் சேர்ந்திருக்கும். குறியை முதலில் வரைந்துவிட்டு அம்பு எய்வது வேறு, அம்பு தைத்த இடத்தில் குறி வரைவது வேறு.

நிலவில் தெரியும் உருவமும் இப்படித்தான். அங்கிருக்கும் கரும்பரப்புகள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. நிலவு நமக்கு ஒரே பக்கத்தைத்தான் காட்டுகிறது, ஆகவே உலகம் முழுக்கப் பார்ப்பது ஒரே கறைகளை. ஆனால் இந்தியா, சீனா, ஜப்பான், மெக்சிகோவின் ஆஸ்டெக்குகள் ஆகியோர் பார்த்தது முயல். ஐரோப்பியர் பார்த்தது ஒரு மனிதன். நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே போனால் நிலவே தலைகீழாகத் தெரியும், உருவமும் மாறிவிடும்.

காதுக்கும் உண்டு

குழாயில் தண்ணீர் ஓடும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருக்கும். மின்விசிறியின் இரைச்சலில் கைப்பேசி மணி கேட்கும். இதுவும் பாரிடோலியாதான், கண்ணுக்குப் பதில் காது. பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டால் ரகசிய வாசகம் கேட்கிறது என்று பரப்பப்படும் காணொளிகளில் பாருங்கள், அந்த வாசகம் எப்போதும் திரையில் எழுதிக் காட்டப்பட்டிருக்கும். திரையை மூடிவிட்டு முதல்முறை கேட்பவருக்கு வெறும் முணுமுணுப்புதான் கேட்கும்.

நோயா, குணமா?

மேகத்தில் முகம் தெரிவதால் மட்டும் யாரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்படி எதையாவது பார்த்துவிட்டு, வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சி மனதுக்குள் வைத்துப் புழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆரோக்கியமான மூளையின் அன்றாட வேலை என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடக் கூடாது. லூவி பாடி டிமென்ஷியா என்று ஒரு மறதிநோய் வகை இருக்கிறது. அதில் பாரிடோலியா மற்றவர்களைவிட மிக அதிகமாக வரும். ஜப்பானிய மருத்துவர்கள் படங்களைக் காட்டிப் பாரிடோலியாவை அளக்கும் சோதனை ஒன்றைக்கூட இதற்காக உருவாக்கியிருக்கிறார்கள். வயதானவர் ஒருவர் திரைச்சீலையில் ஆள் நிற்கிறார் என்று உறுதியாக நம்பி அவரோடு பேசத் தொடங்கினால், கூடவே நினைவும் கவனமும் ஒருநாள் தெளிவாகவும் ஒருநாள் மங்கியும் இருந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது.

இனி குணச் சோதிடம். 'முதலில் மரம் தெரிந்தால் நீங்கள் இப்படி, முகம் தெரிந்தால் அப்படி' என்று வரும் படங்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. இவை ரோர்ஷாக் சோதனையின் பெயரைக் கடன் வாங்கி ஓடுகின்றன. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட 10 மைக்கறைப் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பதுதான் அந்தச் சோதனை. அவருக்கு, என்ன தெரிந்தது என்பதைவிட எப்படித் தெரிந்தது என்பதே முக்கியம்: கறை முழுவதையும் சேர்த்துப் பார்த்தாரா, ஒரு மூலையை மட்டுமா, நிறத்தை வைத்தா, வடிவத்தை வைத்தா, அசைவு தெரிந்ததா. பயிற்சி பெற்றவர்கள் அத்தனை கவனமாகக் கணக்கிட்டும் அந்தச் சோதனை எவ்வளவு நம்பத் தக்கது என்பதில் உளவியலாளர்களிடையே இன்றுவரை விவாதம் தீரவில்லை. அப்படியிருக்க, ஒரு படத்தை ஒரு நொடி பார்த்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பதை எப்படி ஏற்பது?

பாரிடோலியாவுக்குப் பயனே இல்லையா என்று கேட்டால், கலைஞர்களிடம் கேட்க வேண்டும். கறை படிந்த சுவர்களையும் பலநிறக் கற்களையும் உற்றுப் பார்க்கும்படி லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். அதில் மலையும் ஆறும் போர்க்களமும் விசித்திர முகங்களும் தெரியும் என்றார். அந்த முகங்கள் உண்மையா என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. அதை வைத்து என்ன வரையலாம் என்பதுதான் அவர் கேள்வி.

அடுத்த படம் வரும்போது

படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். முகம் அறியும் திறன் நேராக நிற்கும் முகத்துக்கே பழகியது; தலைகீழானதும் பல நேரம் முகம் உடைந்து கறை மட்டும் மிஞ்சும். அடுத்து, படம் எடுத்த இடத்துக்குப் போக முடிந்தால் வேறு நேரத்தில், வேறு பக்கம் வெளிச்சம் விழும்போது பாருங்கள். நிழல் நகர்ந்தால் கண்ணும் மூக்கும் நகர்ந்துவிடும். போக முடியாவிட்டால் இதைவிடத் தெளிவான படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு. படத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள். தலைப்பு வேண்டாம், வட்டம் வேண்டாம், "முகம் தெரிகிறதா?" என்ற கேள்வியும் வேண்டாம். "இதில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் தானாக என்ன சொல்கிறார் என்று காத்திருங்கள். நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டால், படத்தில் இருப்பது எவ்வளவு, தலைப்பு சேர்த்தது எவ்வளவு என்று ஓரளவு பிரித்துவிடலாம்.